வினையெச்சம்

பான் நகரில் ரைன் அந்த ஜூன் மாதம்
இடுப்பு மெலிந்து ஓடியது.
சரக்குப் படகுகள் பாதிச் சுமையோடு போயின.
நாங்கள் தரைக்குக் கீழே இரண்டாம் தளத்தில்
கடல் ஏறுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

‘நாங்கள்’ என்றது பிழை. நான் பேசக் கூடாது.
என் கழுத்தட்டை மஞ்சள்:
பார்க்கலாம், எழுதலாம்,
சுவரோர நாற்காலியில் முதுகு வலிக்க உட்காரலாம்.

மூன்றாண்டு உதவித்தொகை எனக்கு,
வினைச்சொற்களை எண்ண.
‘தரும்’ எத்தனை, ‘தர வேண்டும்’ எத்தனை,
‘தர முயலும்’, ‘தருமாறு ஊக்குவிக்கப்படும்’,
‘சூழல் இடங்கொடுத்தால் தருவது பரிசீலிக்கப்படும்’ எத்தனை.
பதினொரு வரைவுகளில் ஒரே வினை
நாள்பட்ட சோப்பைப் போலத் தேய்வதை
வண்ணப் படமாக்கிக் காட்டினேன்.
ஹாம்பர்க்கில் கைதட்டினார்கள்.

சதுர அடைப்புக்குள் இருப்பது
இன்னும் யாரும் ஒப்பாதது.
முதல் நாள் இருநூற்றுப் பன்னிரண்டு அடைப்புகள்,
ஒன்றுக்குள் ஒன்று, அதற்குள் இன்னொன்று,
வெங்காயம்போல.
உரித்தவர் எவருக்கும் கண் கலங்கவில்லை.

தெரேத்தியா தன் நாட்டுக்கு ஒற்றை ஆள்:
தலைவர், வழக்கறிஞர், கோப்புச் சுமப்பவர் எல்லாம் அவளே.
“பலகையில் இருப்பதுபோல் கிரிபாட்டி என்று படிக்காதே,
கிரிபாஸ்” என்று திருத்தினாள் என்னை.
ஒரே நேரத்தில் நான்கு அறைகளில் கூட்டம்.
காலணியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி
அவள் நடைவழியில் ஓடியதை
செவ்வாயன்று மட்டும் ஒன்பது முறை குறித்தேன்.
அதுவும் தரவுதான்.

மாலை ஆறுக்கு மொழிபெயர்ப்பாளர்கள்
கண்ணாடிக் கூண்டின் விளக்கணைத்துக் கிளம்பினார்கள்.
பிறகு எல்லார் துக்கமும் ஆங்கிலத்தில்.

இரவு ஒன்று நாற்பது. ஒன்பதாம் பத்தி.
“இந்த ஒரு சொல் மட்டும்” என்றார் ஒருவர்,
சாப்பாட்டு மேசையில் உப்பு கேட்பவர்போல.
‘இழப்பீடு தரும்’ என்பது
‘இழப்பீடு குறித்துக் கலந்து பேசலாம்’ ஆகட்டும்.
மறுப்பு உண்டா?
தலைவரின் கண் அறையைச் சுற்றி வந்தது.
கிரிபாஸ் பலகைக்குப் பின்னால்
ஒரு தண்ணீர்க் குப்பி, ஒரு பச்சைச் சால்வை.

அவள் எங்கிருந்தாள் என்று எனக்குத் தெரியும்.
நிதிக்கான அறை. நாற்பத்திரண்டு தப்படி.
வேறெதற்கோ காலையில் அளந்திருந்தேன்.
பேசத்தான் தடை, நடக்க இல்லை.
கால் எழுந்தது.
கை நொடிகளைக் குறித்துக்கொண்டிருந்தது.
முறையியல் அத்தியாயத்தில் நானே எழுதிய வாக்கியம்
கதவில் சாய்ந்து நின்றது:
‘ஆய்வாளர் களத்தைத் தொடுவதில்லை.’
சுத்தியல் விழுந்தது.

நான் ஓஸ்ட்ஃபிரீஸ்லாந்துக்காரி.
அணைக்கரைக்குப் பின்னால், கடல் தலைக்குமேல் இருக்க,
உறங்கி வளர்ந்தவள்.
எங்கள் பக்கம் ஒரு பழஞ்சொல்:
கரை கட்ட வராதவன் நிலத்தை விட்டுப் போ.
எண்ணிப் பார்த்தால் அதில் அடைப்பே இல்லை.

காலையில் காப்பி இயந்திரத்தருகே தெரேத்தியா.
மூன்று சர்க்கரைப் பொட்டலங்களை ஒன்றாகக் கிழித்தாள்.
“வீப்கே, நீ எண்ணுகிறவள்தானே.
மறுப்பு உண்டா என்று கேட்டு
எவ்வளவு நேரம் காத்தார்கள்?”
“முப்பத்தொரு நொடி.”
தலையசைத்தாள்.
“காலணி இல்லாவிட்டால்
நான் பன்னிரண்டில் வந்துவிடுவேன்.”
குரலில் சூடில்லை. ஒரு தகவலாகத்தான் சொன்னாள்.
அடுத்த அறைக்கு நேரமாகிவிட்டது அவளுக்கு.

கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள்.
மூன்றாம் படத்தில் அந்த இரவு ஒரு நீலப் புள்ளி.
ஓர் அடிக்குறிப்பு சேர்க்க அனுமதி கேட்டேன்,
இரண்டு வரிக்குள் என்றார் பதிப்பாசிரியர்.
மேசை விளக்கின் கீழ் நான்கு நாளாக
ஒரே வரியில் நிற்கிறேன்:

ஆய்வாளர் தன் இருக்கையிலிருந்து எழுந்து